பருத்திக்காட்டுச் சித்திரக்காரி

78 ராத்தல் பருத்தி என்றால் எவ்வளவு இருக்கும் என்று சற்று யோசித்துப் பாருங்கள். இன்றைய கணக்கில் 35 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். பஞ்சோ கனமே இல்லாத வஸ்து. வீட்டில் தலையணைக்குப் பஞ்சு அடைத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். வெடித்த காயிலிருந்து அதை விரல் நுனியால் கொத்துக் கொத்தாகப் பிடுங்க வேண்டும். காய்ந்த ஓட்டின் கூர்முனை நகக்கண்ணில் குத்தும். குனிந்த முதுகு நிமிராமல், தோளில் மாட்டிய நீளப் பையைத் தரையில் இழுத்துக்கொண்டே போகவேண்டும். அப்படி ஒரு நாள் காலையில் 78 ராத்தல் பறித்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து, மருத்துவச்சிக்குச் சொல்லி அனுப்பி, ஒரு குழந்தையையும் பெற்றெடுத்தார் ஒரு பெண்மணி. சில நாட்களுக்கெல்லாம் மறுபடியும் காட்டில் வந்து நின்றார்!

அந்தப் பெண்மணியின் பெயர் கிளமென்டீன் ஹன்ட்டர். பருத்தி பறித்ததற்காக அவரை உலகம் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, யாரிடமும் ஒரு நாள்கூடப் பாடம் கேட்காமல், அவர் எழுதத் தொடங்கிய சித்திரங்களுக்காகத்தான் இன்று அமெரிக்காவில் அவர் பெயரைச் சொல்கிறார்கள். ஆனால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது என் கட்சி. அந்தக் கை பருத்தி பறித்திராவிட்டால், அடுப்பு மூட்டியிராவிட்டால், ஊரார் துணியைத் துவைத்திராவிட்டால், அந்தச் சித்திரங்கள் பிறந்தே இருக்கமாட்டா.

அமெரிக்காவின் தென்பகுதியில் லூயிசியானா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களின் வசம் இருந்த பூமி. அங்கே கேன் ஆறு என்ற மெதுவாக நகரும் ஆற்றின் கரையில் பருத்திப் பண்ணைகள் வரிசையாக இருந்தன. பக்கத்திலுள்ள பட்டணத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் ‘நாட்சிடோச்சஸ்’ என்று வாசிக்கத் தோன்றும். உள்ளூர்க்காரர்களோ ‘நாக்கடிஷ்’ என்கிறார்கள்! அந்த வட்டாரத்தில் ‘ஹிடன் ஹில்’ என்ற பண்ணையில், 1886-ஆம் வருஷக் கடைசியிலோ 1887-இன் தொடக்கத்திலோ கிளமென்டீன் பிறந்தார். கூலி வேலைக்காரர் வீட்டுக் குழந்தை பிறந்த தேதியை யார் குறித்து வைத்தார்கள்?

அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-இல். சட்டம் மாறிவிட்டதே தவிர, நிலம் யாரிடம் இருந்ததோ அவர்களிடமேதான் இருந்தது. பாட்டன் பாட்டி அடிமைகளாக உழைத்த அதே மாதிரிப் பண்ணைகளில் பேரப்பிள்ளைகள் கூலிக்கு உழைத்தார்கள். சிறுமி கிளமென்டீனைக் கிறிஸ்தவக் கன்னிமார் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் சேர்த்தார்கள். குழந்தைக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. ஓடி ஓடி வந்துவிட்டாள். அவ்வளவுதான் படிப்பு. நூறு வயதுக்கு மேல் வாழ்ந்தும் அவருக்குக் கடைசிவரை எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் பேசியது அந்த வட்டாரத்துப் பிரெஞ்சு. ஆங்கிலமே பிற்பாடு, கலியாணமான பிறகுதான், இரண்டாவது கணவர் இம்மானுவேல் ஹன்ட்டரிடமிருந்து நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டார்.

ஏறக்குறையப் பதினைந்து வயதில் குடும்பத்தோடு ‘மெல்ரோஸ்’ என்ற பண்ணைக்கு வந்து சேர்ந்தார். இந்த மெல்ரோஸைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. மேரி தெரேஸ் குவான்குவான் என்று ஒரு பெண். 1742-இல் அடிமையாகப் பிறந்தவர். பின்னர் விடுதலை பெற்று, தாமே நிலம் வைத்துப் பயிரிட்டு, தம் மக்களை ஒவ்வொருவராக மீட்டவர். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் லூயி மெத்தொயேர். 1796-இல் அவருக்குக் கிடைத்த நிலந்தான் மெல்ரோஸ் ஆயிற்று. ‘ஆப்பிரிக்க வீடு’ என்று இன்று அழைக்கப்படும் ஒரு விநோதமான கட்டடம் அங்கே நிற்கிறது. சுவரைவிடக் கூரை பெரிது; சிறு பையன் தலையில் தாத்தாவின் தொப்பியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும்! ஆனால் குடும்பம் நொடித்துப் பண்ணை பல கை மாறி, கிளமென்டீன் வந்த சமயத்தில் ஹென்றி என்ற வெள்ளைக்காரக் குடும்பத்தின் சொத்தாகிவிட்டிருந்தது.

காட்டில் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடுபட்ட பிறகு, 1920-களின் பிற்பகுதியில், கிளமென்டீன் பெரிய வீட்டுச் சமையற்காரியானார். எஜமானி கேமி ஹென்றி கலைப்பித்துள்ள சீமாட்டி. எழுத்தாளர்களையும் சித்திரக்காரர்களையும் வரவழைத்து, மாதக்கணக்கில் விருந்தாளிகளாக வைத்துக்கொள்வார். அவர்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஆற்றங்கரை ஜனங்களைப் பற்றிக் கதை எழுதினார்கள். லைல் சாக்ஸன் என்பவர் 1937-இல் வெளியிட்ட ஒரு நாவலே அந்த ஊரைப் பற்றியதுதான். அந்த மகானுபாவர்களுக்கெல்லாம் மூன்று வேளையும் சமைத்துப் போட்டு, துணி துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தவர் கிளமென்டீன். எந்த ஜனங்களைப் பற்றி அவர்கள் எழுதினார்களோ, அந்த ஜனங்களில் ஒருத்தி அடுக்களையில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடமும் ஒரு கதை இருக்கும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

கைவேலையில் அவருக்கு எப்போதுமே ருசி உண்டு. குழந்தைகளுக்குப் பொம்மை தைப்பார். துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பார். கூடை முடைவார். வீட்டுக்கு வேண்டிய சாமான்கள் என்பதால் இதையெல்லாம் கலை என்று யாரும் சொல்லவில்லை.

1939 வாக்கில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சித்திரக்காரி அல்பர்ட்டா கின்ஸி மெல்ரோஸில் வந்து தங்கிவிட்டுப் போனார். போகும்போது, பாதி பிதுக்கிய வர்ணக் குழாய்களை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார். அறையைச் சுத்தம் செய்தபோது அவை கிளமென்டீன் கண்ணில் பட்டன. குப்பையில் போட மனம் வரவில்லை. பண்ணையில் இருந்த ஃபிரான்ஸ்வா மிக்னோன் என்பவரிடம் எடுத்துப் போனார். “மனசு வைத்தால் நானும் ஒரு படம் போட்டுவிடுவேன்” என்கிற தோரணையில் ஏதோ சொன்னாராம். மிக்னோன் சுற்றுமுற்றும் பார்த்தார். சித்திரம் எழுதும் துணி ஏது? பழைய ஜன்னல் திரைதான் அகப்பட்டது—சுருட்டி ஏற்றி இறக்குகிறார்களே, அந்தத் தினுசு. அதையும் இரண்டொரு தூரிகைகளையும் கொடுத்தார். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் வாசற்கதவு தட்டப்பட்டது. கிளமென்டீன் நிற்கிறார், கையில் முடித்த சித்திரத்தோடு!

(இந்த மிக்னோனும் லேசுப்பட்டவரல்ல. தாம் பிரான்ஸில் பிறந்தவர் என்று ஊர் முழுவதையும் நம்பவைத்திருந்தார். உண்மையில் அவர் நியூயார்க் மாநிலத்துக்காரர், பெயரும் வேறு. பிறப்பில் பொய் சொன்னாலும் மற்றவர் திறமையைக் கண்டுகொள்வதில் அவர் தவறவில்லை. வர்ணமும் பலகையும் தேடிக் கொடுத்தது, சித்திரங்களை விற்றுத் தந்தது எல்லாம் அவரும் ஜேம்ஸ் ரெஜிஸ்டர் என்ற இன்னொரு நண்பரும்தான்.)

அதன் பிறகு மெல்ரோஸில் வெற்றிடமாக எதுவும் மிஞ்சவில்லை. அட்டைப்பெட்டி, பலகைத் துண்டு, காலிப் புட்டி, சுரைக்குடுக்கை, இரும்பு வாணலி—எது கையில் கிடைத்தாலும் அதில் ஒரு சித்திரம். வர்ணம் சீக்கிரம் தீர்ந்துவிடாமல் இருக்க டர்பன்டைன் ஊற்றி நீர்க்கப் பண்ணிக்கொள்வார். சட்டகமும் முக்காலியும் கிடையாது. பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவார்.

எப்போது எழுதினார் என்பதுதான் நீங்கள் கவனிக்கவேண்டிய விஷயம். பகலெல்லாம் பெரிய வீட்டு வேலை. சாயங்காலம் தம் வீட்டு வேலை. பிறகு நோய்வாய்ப்பட்டுப் படுத்த கணவருக்குப் பணிவிடை. அதற்கும் பிறகு, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் தூரிகையை எடுப்பார். ‘இப்படித் தூங்காமல் கிடந்தால் உனக்குப் புத்தி பேதலித்துவிடும்’ என்று கணவர் கண்டிப்பாராம். ‘தலைக்குள் இருக்கும் இந்தப் படத்தை வெளியே கொண்டுவராவிட்டால்தான் புத்தி பேதலிக்கும்’ என்பது மனைவியின் பதில். இம்மானுவேல் 1944-இல் காலமானார்.

சரி, அப்படி என்னதான் எழுதினார்?

துணி துவைக்கும் நாளை எழுதினார். கரிய இரும்புக் கொப்பரையின் கீழே நெருப்பு எரிகிறது. ஒருத்தி கோலால் துணியைக் கிளறுகிறாள். இன்னொருத்தி கொடியில் உலர்த்துகிறாள். வெயிலில் சட்டைகளும் பாவாடைகளும் வரிசையாகத் தொங்குகின்றன. பருத்திக்காட்டை எழுதினார்; பச்சைச் செடியில் வெள்ளைப் புள்ளிகள், முதுகில் பை, தலையில் துணி அல்லது தொப்பி. பீக்கன் கொட்டை உலுக்கும் பருவத்தை எழுதினார்: மரத்தின்மேல் ஆண்கள் இருப்பார்கள், கீழே பொறுக்குவது பெண்கள். ஆற்றில் ஞானஸ்நானம், கலியாணம், சவ ஊர்வலம், சனிக்கிழமை இரவுச் சாராயக் கடையில் ஆட்டமும் அடிதடியும் எல்லாம் உண்டு. ஜினியா மலர்கள் நிறைந்த ஜாடியை எத்தனை தடவை எழுதினாரோ, கணக்கில்லை. மொத்தம் ஐயாயிரத்துக்குக் குறையாத சித்திரங்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

பள்ளியில் சித்திரம் படித்தவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். தூரத்தில் இருப்பது சிறிதாகவும் கிட்டத்தில் இருப்பது பெரிதாகவும் தெரியவேண்டும் என்பதல்லவா விதி? கிளமென்டீன் அம்மையாருக்கு அந்த விதி தெரியாது. தெரிந்தாலும் மதித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டை பட்டையாக நிலத்தைப் பிரித்துக்கொள்வார். மனிதர்களைப் பக்கவாட்டில் நிறுத்துவார். யார் முக்கியமோ அவர் பெரியவர்! அநேகமாகப் பெண்கள்தாம் பெரியவர்கள். பக்கத்தில் நிற்கும் ஆண்பிள்ளை சில சமயம் அவள் தோளுக்குக்கூட வரமாட்டான். சில படங்களில் பருத்தி ஏற்றிய வண்டியைப் பூதாகாரமான கோழி ஒன்று இழுத்துப் போகும். தேவதூதர்கள் கறுப்பு நிறத்தில் பறப்பார்கள். சிலுவையில் இருக்கும் ஏசுவும் கறுப்பர்தாம். ஒரு படத்தில் அந்தச் சிலுவையே பருத்திக்காட்டின் நடுவே நிற்கிறது.

கண்ணெதிரே ஒரு பொருளை வைத்துக்கொண்டு பார்த்து எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை. எல்லாம் ஞாபகம். சிறு பெண்ணாகக் காட்டில் திரிந்த நாளிலிருந்து கண்டவை அப்படியே அடுக்கி வைத்த மாதிரி உள்ளே இருந்தன. சித்திரத்தை ஆண்டவன் தலைக்குள் வைக்கிறான், நான் எடுத்துப் பலகையில் வைக்கிறேன் என்ற கருத்தில் பேசுவார். அதனால் இது சுலபமான காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். பருத்தி பறிப்பதைவிடச் சித்திரம் எழுதுவது கஷ்டம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பருத்தி செடியிலேயே இருக்கிறது, கை நீட்டினால் போதும். சித்திரத்துக்கோ மனசு வியர்க்க வேண்டும் என்றார். இரண்டையும் செய்து பார்த்தவர் சொல்லும் சொல்லுக்கு நாம் ஆட்சேபணை சொல்வதற்கில்லை.

கையெழுத்தில் ஒரு வேடிக்கை உண்டு. படிக்கத் தெரியாதவர் ஆகையால் தம் பெயரின் முதலெழுத்துக்களான ‘சி’, ‘எச்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்களை மட்டும் போடக் கற்றுக்கொண்டார். நாளடைவில் ‘சி’யைத் திருப்பிப் போட ஆரம்பித்தார், பிறகு இரண்டு எழுத்தும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. எஜமானி கேமி ஹென்றிக்கும் அதே முதலெழுத்துக்கள் ஆயிற்றே, குழப்பம் வேண்டாமென்றுதான் திருப்பிப் போட்டார் என்று சொல்வார்கள். வேலைக்காரி தம் எழுத்தை எஜமானியின் எழுத்திலிருந்து திருப்பி வைத்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

தம் குடிசை வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தார்: உள்ளே வந்து சித்திரம் பார்க்க 25 சென்ட் கட்டணம்! படங்களும் ஆரம்பத்தில் அதே மாதிரி விலைதான். பட்டணத்து மருந்துக் கடையில் வைத்தபோது ஒரு டாலர். 1953-இல் ‘லுக்’ பத்திரிகை அவரைப் பற்றி எழுதியதும் வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள்.

1955-ஆம் வருஷம் அவர் வாழ்க்கையில் விசேஷமானது. அந்த வருஷந்தான், 68-ஆவது வயதில், ஆப்பிரிக்க வீட்டின் மாடிச் சுவர்களுக்காக 9 பெரிய பிளைவுட் பலகைகளில் சித்திரம் எழுதினார். ஒவ்வொன்றும் 8 அடி நீளம், 4 அடி அகலம். கேன் ஆற்றங்கரையின் வாழ்க்கை முழுவதும், பிறப்பு முதல் இழவு வரை, அந்தப் பலகைகளில் இருக்கிறது. குவான்குவானின் மக்கள் ஆண்ட பூமியில், அதே கறுப்பினத்தைச் சேர்ந்த இன்னொரு பெண்ணின் சித்திரங்கள்.

அதே 1955-இல் நியூ ஆர்லியன்ஸில் டெல்கடோ கலைக்கூடம் அவருடைய படங்களை மட்டும் வைத்து ஒரு காட்சி நடத்தியது. அங்கே அப்படித் தனிக் காட்சி பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவரே. நாக்கடிஷ் கல்லூரியிலும் ஒரு காட்சி நடந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு வந்து சித்திரங்களைப் பார்த்துப் புகழ்ந்தார்கள். சித்திரம் எழுதியவர் மட்டும் வரவில்லை. வரக்கூடாது! வெள்ளைக்காரர்கள் இருக்கும் சமயத்தில் கறுப்பினத்தார் அந்தக் கூடத்துக்குள் கால் வைக்க அனுமதி கிடையாது. கடைசியில், கூடம் பூட்டிக்கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று ஒரு நண்பர் அவரை ஓசைப்படாமல் உள்ளே அழைத்துப் போனார். யாருமில்லாத அறையில் தம் சித்திரங்களைத் தாமே சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார் அந்த அம்மையார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அவர் பெரிதாகப் புலம்பியதாகத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அடுத்த பலகையை எடுத்திருப்பார். அதே வருஷம் டிசம்பரில், அலபாமா மாநிலத்தில், ரோஸா பார்க்ஸ் என்ற தையற்காரப் பெண்மணி பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்தார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

1956-இல் மிக்னோனுடன் சேர்ந்து ‘மெல்ரோஸ் பண்ணைச் சமையல் புத்தகம்’ வெளியிட்டார். சொன்னவர் அவர், எழுதியவர் மிக்னோன். தம் பெயர் அச்சாகியிருந்த அந்தப் புத்தகத்தில் ஒரு வரியைக்கூட அவரால் படிக்க முடியாது! 1960-களின் தொடக்கத்தில் ரெஜிஸ்டருக்கு ஓர் ஆசை தோன்றியது. பத்திரிகைகளிலிருந்து வர்ணத் துண்டுகளை வெட்டிக் கொடுத்து, நவீன பாணியில் எழுதச் சொன்னார். அம்மையாரும் நண்பருக்காகக் கொஞ்ச நாள் எழுதிப் பார்த்தார். பிறகு தம் துவைக்கும் கொப்பரைக்கும் பருத்திக்காட்டுக்குமே திரும்பிவிட்டார். அதுவே நல்லதாயிற்று என்பது என் அபிப்பிராயம்.

பிற்பாடு பெருமைகள் தாமாகவே தேடி வந்தன. ஜனாதிபதி கார்ட்டர் வாஷிங்டனுக்கு அழைத்தபோது, அவ்வளவு தூரம் யார் போவது என்று இருந்துவிட்டார். எந்த ஊர்க் கல்லூரியின் கூடத்தில் பகிரங்கமாக நுழைய முடியவில்லையோ, அதே கல்லூரி பல்கலைக்கழகமாகி, 1986-இல் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்துக் கௌரவித்தது. அப்போது வயது 99. இடையே முப்பத்தொரு வருஷம்!

25 சென்ட்டுக்கு விற்ற படங்கள் இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. விலை ஏறினால் போலியும் வரும் அல்லவா? அவர் பாணியில் கள்ளப் படங்கள் எழுதி விற்றதாக லூயிசியானாக்காரர் ஒருவர்மீது மத்தியப் புலனாய்வுத் துறை நடவடிக்கை எடுத்தது. 2011-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2013-இல் அம்மையாரின் வாழ்க்கையை ஓர் இசை நாடகமாகவும் அரங்கேற்றினார்கள். பெயர் ‘ஜினியாஸ்’.

1988-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 1-ஆம் தேதி கிளமென்டீன் ஹன்ட்டர் காலமானார். வயது 101. கேன் ஆற்றங்கரையில் புனித அகஸ்டின் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்தக் கோயிலை நிறுவியவர் குவான்குவானின் இன்னொரு மகன். பக்கத்துக் கல்லறை ஃபிரான்ஸ்வா மிக்னோனுடையது; ஜன்னல் திரை கொடுத்தாரே, அவருடையதேதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது டெக்ஸாஸ் மாநிலத்தில் டல்லாஸிலோ ஹூஸ்டனிலோ இருந்து, நீங்களும் அவர்களிடம் போகும்படி நேர்ந்தால், காரில் ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் மெல்ரோஸுக்குப் போய்விடலாம். பெரிய வீட்டையும் சமையலறையையும் பார்த்துவிட்டு, அந்தத் தொப்பிக் கூரைக் கட்டடத்துக்குப் போங்கள். 9 பலகைகளும் மாடியில் இருக்கின்றன.